ஏழில் மிஞ்சிய ஒருவர்

(ரோமின் வேதசாட்சிகள் – 9)

போன வாரம் ஆப்பியா நெடுஞ்சாலையோரச் சுரங்கக் கல்லறையில் கதையை நிறுத்தியிருந்தோம். கி.பி. 258, ஆகஸ்ட் 6. நாற்காலியில் அமர்ந்து மக்களுக்கு மறையுரை சொல்லிக்கொண்டிருந்த போப் இரண்டாம் சிக்ஸ்துஸை வலேரியன் பேரரசனின் வீரர்கள் பிடித்து வெட்டினார்கள். அவரோடு நான்கு திருத்தொண்டர்களும் போனார்கள். அதே நாளில் பெலிசிசிமுஸ், அகாபிதுஸ் என்று இன்னும் இருவர். ரோம் திருச்சபையில் திருத்தொண்டர்கள் ஏழு பேர்தாம். அன்று பொழுது சாயும்போது அந்த ஏழு பேரில் உயிரோடு இருந்தவர் ஒருவர். அவர் பெயர் லாரன்ஸ்.

திருத்தொண்டர் என்றதும் இன்று நமக்குப் பீடத்தில் குருவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். பழைய ஆட்கள் தியாக்கோன் என்பார்கள். 3ஆம் நூற்றாண்டு ரோமில் அந்த வேலை வேறு. நம் ஊர்க் கோயில்களில் பூசை வைப்பவர் ஒருவராகவும், சாவிக்கொத்தும் கணக்கு நோட்டும் வைத்திருப்பவர் இன்னொருவராகவும் இருப்பார்கள் அல்லவா? அந்த இரண்டாவது ஆள்தான் திருத்தொண்டர். காணிக்கை வருவது அவர் கையில். விதவைக்குப் படியளப்பது, சிறையில் இருப்பவனுக்குச் சோறு கொண்டுபோவது, செத்தவனுக்குக் குழி வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால் சபையின் கணக்குப்பிள்ளை.

அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு அசைக்க முடியாத ஒரு சான்று இருக்கிறது. 251இல் போப் கொர்னேலியுஸ் அந்தியோக்கியாவின் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினார். வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் அதைத் தம் நூலில் சேர்த்ததால் பிழைத்தது. தன் சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கொர்னேலியுஸ் ஒரு பட்டியல் போடுகிறார்: குருக்கள் 46, திருத்தொண்டர்கள் 7, துணைத் திருத்தொண்டர்கள் 7, பீட உதவியாளர்கள் 42, பேயோட்டுபவர்கள், வாசிப்பவர்கள், வாயிற்காவலர்கள் எல்லாம் சேர்த்து 52. அதற்கடுத்த எண்ணில்தான் நம் கண் நிற்க வேண்டும். சபை சோறுபோட்டுக் காப்பாற்றிவரும் விதவைகளும் வறியவர்களும் 1,500 பேருக்கு மேல்.

தினம் 1,500 வயிறு. சட்டத்தின் பார்வையில் இருக்கவே கூடாத ஒரு கூட்டம், தலைநகரின் நடுவில், அரசாங்கத்துக்குத் தெரியாமலா இதைச் செய்திருக்கும்? தெரிந்திருந்தது. அதுதான் சிக்கல்.

வலேரியனுக்கு அப்போது காசுமுடை. கிழக்கே பாரசீகன் ஷாப்பூர், வடக்கே எல்லை தாண்டி வரும் ஜெர்மானியர்கள், நாட்டுக்குள் கொள்ளைநோய். வெள்ளி நாணயத்தில் வெள்ளி குறைந்துகொண்டே வந்தது. 257இல் அவன் போட்ட முதல் ஆணை, குருமார் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் கூடக் கூடாது என்பதோடு நின்றது. 258இல் வந்த இரண்டாவது ஆணைதான் கொலைகார ஆணை. ஆயர், குரு, திருத்தொண்டர் எவராயினும் உடனே தண்டனை. கிறிஸ்தவரான செனட்டர்களுக்கும் பிரபுக்களுக்கும் பட்டமும் சொத்தும் பறிமுதல். விவரமெல்லாம் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வதந்திகளை நம்பாமல் ரோமுக்கு ஆளனுப்பி உண்மையறிந்து எழுதிய கடிதம் அது. சிக்ஸ்துஸ் இறந்த செய்தியும், நகர அதிகாரிகள் தினந்தோறும் வேட்டையாடிச் சொத்துகளைக் கருவூலத்தில் சேர்க்கும் செய்தியும் அதில் உண்டு. லாரன்ஸ் பெயர் இல்லை. எழுதிய சிப்பிரியானையும் அடுத்த மாதம், செப்டம்பர் 14 அன்று, வெட்டிவிட்டார்கள்.

உடனே தண்டனை என்பது ஆணை. சிக்ஸ்துஸுக்கு அப்படித்தான் நடந்தது. அப்படியானால் லாரன்ஸ் மட்டும் ஆகஸ்ட் 10 வரை, நான்கு நாள், எப்படி விடப்பட்டார்? மற்ற ஆறு பேரும் செத்த பிறகு பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதை விட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

மிலானின் ஆயர் அம்புரோஸ், 390ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் குருமாருக்காக எழுதிய நூலில் சொல்லும் கதை இந்த நான்கு நாளுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. சில ஆண்டுகள் கழித்து ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் புருதென்சியுஸ் அதையே 584 அடிகளில் விரித்துப் பாடினார். நகர அதிகாரி லாரன்ஸை அழைத்து, சபையின் பொன்னையும் வெள்ளியையும் ஒப்படைக்கச் சொல்கிறான். இவர் மறுக்கவில்லை. நிறைய இருக்கிறது, கணக்கெடுத்து அடுக்கிவைக்க மூன்று நாள் தவணை கொடுங்கள் என்கிறார். கிடைக்கிறது. மூன்று நாளும் ரோமின் சந்துகளில் அலைகிறார். பார்வையற்றவர், கால் முடமானவர், குட்டரோகி, விதவை என்று தம் நோட்டில் பெயருள்ள ஒவ்வொருவரையும் கூட்டிவந்து வரிசையாக நிறுத்துகிறார். அதிகாரி வந்து, பொன் எங்கே என்கிறான். இவர் அந்த வரிசையைக் கைகாட்டுகிறார். சபையின் செல்வம் இதுதான், சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கவிஞர் வரிசையை அழகாக நிறுத்துகிறார். நான் அதில் பார்ப்பது கொர்னேலியுஸின் 1,500 பேரை. ஏழாண்டு இடைவெளியில் அவர்களில் பலர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

அதிகாரிக்கு ஆத்திரம். சட்டென்று சாக விடக் கூடாது என்கிறான். தணல் மேல் இரும்புக் கம்பித்தட்டு வைத்து, மீன் வாட்டுவதுபோல் லாரன்ஸை அதன் மேல் கிடத்துகிறார்கள். ஒரு பக்கம் வெந்ததும், இந்தப் பக்கம் ஆயிற்று, திருப்பிப் போடு, பதம் பார்த்துச் சாப்பிடு என்று அவர் கிண்டலடித்ததாகக் கதை முடிகிறது. உலகம் நினைவில் வைத்துக்கொண்டது இதைத்தான். ஓவியத்தில் எவர் கையில் கம்பித்தட்டு இருக்கிறதோ அவர் லாரன்ஸ். சமையற்காரர்களுக்கு அவரைப் பாதுகாவலராக்கிய பக்தி எந்த மனநிலையில் அப்படிச் செய்ததோ, நமக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் கம்பித்தட்டு மேல் அறிஞர்களுக்கு நெடுநாளாக ஐயம். 1900ஆம் ஆண்டு வாக்கில் பியோ பிராங்கி தே கவலியேரி என்ற இத்தாலிய ஆய்வாளர் ஒரு சிறிய குண்டைப் போட்டார். வேதசாட்சி ஒருவர் இறந்ததை லத்தீனில் ‘பாஸ்ஸுஸ் எஸ்த்’ என்று எழுதுவார்கள். பாடுபட்டார் என்று பொருள். படியெடுத்தவன் முதல் எழுத்தைத் தவறவிட்டால் அது ‘ஆஸ்ஸுஸ் எஸ்த்’ ஆகிவிடும். வாட்டப்பட்டார்! ஓலைச்சுவடி பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. புள்ளி விட்டுப்போன ஒரு மெய்யெழுத்தும், கால் வாங்காத ஓர் ஆகாரமும் என்னென்ன கூத்தடிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கிண்டலும் லாரன்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜூலியன் பேரரசன் காலத்தில் பிரிகியா நாட்டில் இறந்த மூவரும் ஏறக்குறைய அதையே சொன்னதாக சோக்ரடீஸ் என்ற 5ஆம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்.

அதற்காக நெருப்பை முழுக்க அணைத்துவிடவும் முடியாது. லாரன்ஸ் இறந்து நூறாண்டு கடந்து சில ஆண்டுகளில் போப்பான தமாசுஸ் அவர் கல்லறைக்குப் பொறித்த பாட்டிலேயே தீச்சுவாலை வருகிறது. அதே வலேரியனின் அதே ஆணையின் கீழ், 259 ஜனவரி 21 அன்று, ஸ்பெயினின் தர்ரகோனாவில் ஆயர் புருக்துவோசுஸையும் இரண்டு திருத்தொண்டர்களையும் அரங்கின் நடுவில் உயிரோடு எரித்தார்கள். ஆகவே வாளா, நெருப்பா என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். கணக்கு நோட்டில் வேண்டுமானால் கட்டுவேன்.

வலேரியனின் கதை 260இல் முடிந்தது. ஷாப்பூரிடம் உயிரோடு பிடிபட்டான். ரோமப் பேரரசன் ஒருவன் எதிரியிடம் சிறைப்பட்டது அதுவே முதல் முறை. ஈரானில் நக்‌ஷ்-இ-ருஸ்தம் பாறையில் குதிரைமேல் ஷாப்பூர் அமர்ந்திருக்க அவன் பிடியில் வலேரியன் நிற்கும் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். மகன் கல்லியேனுஸ் தனியாட்சிக்கு வந்ததும் சபைக்குக் கல்லறைகளையும் வழிபாட்டிடங்களையும் திருப்பிக் கொடுத்தான்.

அந்தக் கல்லறைகளில் ஒன்றில், நகரின் கிழக்கே திபுர்த்தினா சாலையோரம், லாரன்ஸைப் புதைத்திருந்தார்கள். 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் கிடைக்கும் ரோமின் மிகப் பழைய வேதசாட்சி நாட்காட்டி, ஆகஸ்ட் 10க்கு நேரே அவர் பெயரையும் அந்தச் சாலையையும் குறிக்கிறது. அதாவது ஆளும் நாளும் இடமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. கான்ஸ்டன்டைன் அங்கே ஒரு பசிலிக்கா எழுப்பினான். கல்லறைக்கு இறங்கவும் ஏறவும் படிகள் அமைத்ததாகப் போப்புகளின் வரலாற்று நூல் சொல்கிறது. அடுத்து 580களில் போப் இரண்டாம் பெலாஜியுஸ், லொம்பார்துகள் ரோமை நெருக்கிக்கொண்டிருந்த அந்தக் கெட்ட காலத்தில், குன்றையே குடைந்து கல்லறைக்கு நேர் மேலே புதுக் கோயில் கட்டினார். 13ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் ஹொனோரியுஸ் அதன் பின்புறச் சுவரை உடைத்து, எதிர்த்திசையில் இன்னொரு கோயிலை ஒட்டவைத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கோயில். இன்று நாம் ‘சான் லொரென்ஸோ புவோரி லெ முரா’, மதிலுக்கு வெளியே உள்ள லாரன்ஸ் கோயில், என்று பார்ப்பது இதைத்தான்.

இந்த ஒட்டுவேலையால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பெலாஜியுஸ் தம் கோயிலின் வளைவில் மொசைக் ஓவியம் ஒன்று பதித்திருந்தார். கோயில் திசை மாறியதும் ஓவியம் பின்பக்கமாகிவிட்டது. முன்வாசல் வழியாக வருகிறவருக்கு அது தெரியாது. நடுக்கூடம் முழுக்க நடந்து, படியேறி, பீடத்தையும் கடந்து, அதற்கப்பால் போய்த் திரும்பி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நீல உருண்டையில் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். இருபுறமும் பேதுருவும் பவுலும். கையில் கோயிலின் சின்ன உருவத்தைப் பொம்மைபோல ஏந்திக்கொண்டு பெலாஜியுஸ் ஒரு மூலையில். அவரைக் கூட்டிவந்து அறிமுகம் செய்பவர் லாரன்ஸ். கம்பித்தட்டு இல்லை. நெருப்பும் இல்லை. தோளில் சிலுவைக்கோல், கையில் திறந்த புத்தகம். அந்தப் பக்கங்களில் எழுதியிருப்பது, ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தவனைப் பற்றிய சங்கீத வரி.

கீழே கல்லறையில் லாரன்ஸ் தனியாக இல்லை. முதல் வேதசாட்சியான முடியப்பர், அதாவது ஸ்தேவான், அவரோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எலும்புகளைக் கொண்டுவந்து இறக்கியபோது லாரன்ஸ் தாமாகவே நகர்ந்து இடம் விட்டாராம். லாரன்ஸ் ஸ்பெயினில் பிறந்தவர் என்பது மரபு. அதனால் ரோம் மக்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘மரியாதை தெரிந்த ஸ்பெயின்காரர்’. இருவருமே திருத்தொண்டர்கள், இருவருமே பந்தி விசாரித்தவர்கள். எருசலேமில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று எழுந்த புகாரைத் தீர்க்கத் தேர்ந்த எழுவரில் முதல்வர்தானே ஸ்தேவான்.

ரோமுக்குள் லாரன்ஸுக்கு இன்னும் பல கோயில்கள். அவர் வெந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒன்று, அந்தக் கம்பித்தட்டு வைத்திருப்பதாகச் சொல்லும் லூச்சினா கோயில் ஒன்று, தமாசுஸ் கட்டியது ஒன்று. எனக்குப் பிடித்தது மிராந்தா. பழைய ரோமின் மையத்தில், இறந்த தன் மனைவி பவுஸ்தினாவுக்கு அந்தோனினுஸ் பியுஸ் பேரரசன் ஒரு கோயில் எழுப்பினான். பச்சை நரம்போடும் பளிங்கில் 17 மீட்டர் உயரத் தூண்கள். பின்னாளில் அந்தத் தூண்களுக்குப் பின்னாலேயே லாரன்ஸுக்குக் கோயில் வந்தது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து அது மருந்துக்கடைக்காரர் சங்கத்தின் உடைமை. அந்தக் காலத்தில் மண்மேடு அவ்வளவு உயரத்துக்கு ஏறியிருந்ததால் வாசலை அந்த மட்டத்தில் வைத்தார்கள். பிறகு அகழ்வாய்வுக்காரர்கள் வந்து மண்ணை எல்லாம் அள்ளிவிட்டார்கள். இப்போது கதவு அந்தரத்தில் தொங்குகிறது. திறந்துகொண்டு காலை எடுத்து வைத்தால் பல மீட்டர் கீழே பவுஸ்தினாவின் படிக்கட்டில்தான் போய் விழ வேண்டும்.

புனிதர்களின் திருநாள் அரசர்களின் போர்நாளாக அமைந்துவிட்டால் கோயில் பெரிதாகிவிடும். 955 ஆகஸ்ட் 10 அன்று லெக்பெல்ட் வெளியில் மாகியர்களை எதிர்கொண்ட ஜெர்மானிய அரசன் ஒட்டோ, வென்றால் மெர்சபுர்க்கில் லாரன்ஸ் பெயரால் ஆயர் பீடம் என்று நேர்ந்துகொண்டான். நேர்ச்சையை நிறைவேற்றப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. 1557இல் அதே ஆகஸ்ட் 10 அன்று ஸ்பெயின் படை சேன் கேன்தேன் ஊரருகே பிரெஞ்சுக்காரரை முறியடித்தது. அரசன் இரண்டாம் பிலிப்பு அதற்கு நன்றியாகக் கட்டத் தொடங்கியதுதான் எஸ்கோரியல். 1563இல் முதல் கல், 1584இல் கடைசிக் கல். மடம், அரண்மனை, நூலகம், அரசர்களின் கல்லறை எல்லாம் ஒரே கட்டடத்தில். மேலிருந்து பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக முற்றங்கள் ஓடும், நான்கு மூலையிலும் கோபுரம் நிற்கும். கம்பித்தட்டைக் கவிழ்த்துவைத்து நான்கு காலும் வானத்தைப் பார்த்த மாதிரி என்பார்கள். ஏழைகளைச் செல்வம் என்று காட்டியவருக்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசமாளிகைகளில் ஒன்று!

கப்பல்காரர்கள் வேறுவிதமாக அவரைப் பரப்பினார்கள். கரை தட்டுப்படும் நாளில் எந்தப் புனிதரோ, அந்தப் பெயரை நிலத்துக்கு வைப்பது அவர்கள் வழக்கம். 1500 ஆகஸ்ட் 10 அன்று திசை தவறிப்போன தியோகோ தியாஸ் மடகாஸ்கரைக் கண்டதால் போர்ச்சுக்கீசியருக்கு அது நெடுங்காலம் சான் லோரன்ஸோ தீவு. 1535இல் அதே நாளில் ழாக் கார்த்தியே கனடாவில் ஒரு சிறு விரிகுடாவுக்கு வைத்த பெயர், வளர்ந்து வளர்ந்து ஒரு மாபெரும் ஆற்றையே பிடித்துக்கொண்டது. கொழும்பில் வந்தது நாளால் அல்ல, ஆளால். இந்தியாவின் முதல் போர்ச்சுக்கீசிய அரசப் பிரதிநிதியின் மகன் லோரன்ஸோ தெ அல்மேய்தா 1505ஐ ஒட்டி அங்கே கரையேறியபோது எழுந்த சிறு கோயிலுக்குத் தலைவன் பெயர்கொண்ட புனிதரே கிடைத்தார். நமக்கு இன்னும் அருகில், துளு நாட்டில் கார்கள ஊரையடுத்த அத்தூரில் அவருக்கு ஒரு கோயில் உண்டு. 2016இல் அது பசிலிக்கா ஆனது. ஆகஸ்ட்டில் அங்கே அடைமழை. பெருவிழா ஜனவரியில் நடக்கும், மெழுகுவர்த்தியோடு வருவோரில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள்.

இரண்டாம் உலகப்போர் லாரன்ஸின் கோயில்களையும் விடவில்லை. 1941 பிப்ரவரி 9 அன்று ஜெனோவாத் துறைமுகத்தைப் பிரிட்டிஷ் கப்பற்படை சுட்டபோது, 381 மில்லிமீட்டர் குண்டு ஒன்று அந்நகரின் லாரன்ஸ் பேராலயத்தைத் துளைத்து உள்ளே விழுந்து வெடிக்காமல் கிடந்தது. அப்படியொரு குண்டை இன்றும் பக்கச்சுவரோரம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ரோமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மதிலுக்கு வெளியே உள்ள லாரன்ஸ் கோயிலுக்குப் பக்கத்திலேயே பெரிய ரயில்வே யார்டு. 1943 ஜூலை 19 காலை பதினொரு மணியளவில் அமெரிக்க விமானங்கள் அதைக் குறிவைத்தன. சுற்றுவட்டாரத் தொழிலாளர் குடியிருப்பு நொறுங்கியது. ஹொனோரியுஸ் கட்டிய பாகத்தின் கூரையும் முகப்பும் சரிந்தன. பெலாஜியுஸின் மொசைக் தப்பியது.

வெள்ளை உடையில் இரு கைகளையும் விரித்து, கூட்டத்தின் நடுவே போப் பன்னிரண்டாம் பயஸ் நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சான் லொரென்ஸோவில் எடுத்தது என்று அதன் கீழே அச்சடிக்காத புத்தகம் குறைவு. உண்மையில் அது ஆகஸ்ட் 13இல் நடந்த அடுத்த குண்டுவீச்சுக்குப் பிறகு, நகரின் வேறொரு பகுதியில் எடுத்த படம். ஜூலை 19 அன்று நடந்தது அதைவிடச் சாதாரணமானது. அன்று பிற்பகல், பின்னாளில் ஆறாம் பவுல் ஆன மொன்தீனியை மட்டும் கூட்டிக்கொண்டு, பயஸ் காரில் வந்து இறங்கினார். வத்திக்கானில் கையிருப்பாக இருந்த ரொக்கத்தை எடுத்துவந்திருந்தார்கள். இருபது லட்சம் லிரா என்பார்கள். கோயில் முன்னால், புழுதியில் நின்று, வீடிழந்தவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

(தொடரும்)